விஷவாயு தாக்கியவரை மீட்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

கிராமத்து இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கும்போது, காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு வைக்கோல் பொம்மையைக் கிடத்திவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவேன். "உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார், காப்பாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். அநேகமாக ஒவ்வொரு முறையும், நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவார். அவர் பின்னாலேயே இன்னொருவர் காலை வைப்பார். இரண்டு பேருமே தங்கமான பிள்ளைகள். அது உண்மையான செப்டிக் டேங்காக இருந்தால் இருவரையும் சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டிய வேலைகள் மொத்தம் பத்துக்குள் அடங்கிவிடும். வரிசை தவறினால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. நம் ஊர்களில் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் கழிவுநீர்த் தொட்டியையும் கிணற்றையும் முன்னிறுத்தி இதை எழுதுகிறேன். ஜெனரேட்டர் புகை, குளோரின், அம்மோனியா ஆகியவற்றுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே அதைச் சொல்கிறேன்.

1. முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை

தொட்டி இருக்கும் எந்தக் குடியிருப்பிலும், கிணற்றில் வேலை நடக்கும் எந்தத் தோட்டத்திலும் இவை தேவை: உறுதியான நீளக் கயிறு, உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புக் கச்சை, காற்றை உள்ளே தள்ளும் புளோயரும் அதற்கான நீளக் குழாயும், துணி வெட்டும் கத்தரிக்கோல், வாய் வழியாக மூச்சு கொடுக்க உதவும் தடுப்பு முகமூடி. முடிந்தால் நான்கு வாயுக்களை அளக்கும் கருவியும் வேண்டும். ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் அது காட்டும்.

மனிதரைத் தொட்டிக்குள் இறக்கிக் கழிவை அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்கு இயந்திரம் இருக்கிறது. ஆகவே இந்தப் பொருள்களை 'ஆளை இறக்கலாம்' என்பதற்கான அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடி உடைந்து தவறி விழுபவர்களுக்காகவும், சட்டத்தை மீறி இறக்கப்பட்டவர்களுக்காகவும்தான் இந்த ஏற்பாடு.

கிணற்று வேலைக்கு ஒரு விதி உண்டு. இறங்குபவர் கச்சையும் கயிறும் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்க வேண்டும். மயங்கியவருக்கு மேலிருந்து கயிறு கட்ட வழியே இல்லை. அதை முன்பே கட்டியிருந்தால்தான் இழுக்க முடியும்.

2. முதல் அரை நிமிடம்: நில்லுங்கள், தடுங்கள், அழையுங்கள்

ஒருவர் உள்ளே சாய்ந்ததும் உங்கள் முதல் வேலை, அடுத்தவர் இறங்காமல் தடுப்பது. தேவைப்பட்டால் சட்டையைப் பிடித்து இழுங்கள். உள்ளே கிடப்பவர் அப்பாவாக, தம்பியாக இருக்கும்போது சொல் காதில் ஏறாது. இரண்டு பேரை விளிம்பில் காவலுக்கு நிறுத்திவிட்டே மற்ற வேலைக்குப் போகிறேன், அது ஒரு ஆள் பலத்தை வீணாக்குவது போலத் தெரிந்தாலும்.

அடுத்து 101, 108 இரண்டையும் அழையுங்கள். 112 என்ற ஒரே எண்ணும் போதும். பலர் 108ஐ மட்டும் அழைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் தொட்டிக்குள் இறங்குவதற்கான மூச்சுக் கருவி இருக்காது. அது இருப்பது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையிடம். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய வீரரால் மட்டுமே பத்திரமாக உள்ளே போக முடியும்.

அழைக்கும்போது 'மயக்கம்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். "செப்டிக் டேங்கில் விஷவாயு, உள்ளே ஒருவர், மூச்சுக் கருவியோடு வாருங்கள்" என்று சொல்லுங்கள். எத்தனை பேர், எவ்வளவு ஆழம், வண்டி நுழையும் வழி எது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எந்த வாயு என்று ஊகியுங்கள்

துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. இடத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை, சாயக்கழிவுத் தொட்டி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் இது 100 பங்கு அளவுக்குச் சேர்ந்தால், சில நிமிடங்களில் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். "வாடை போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய மூக்குதான் போயிருக்கும். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும்.

இறைக்காத பழைய கிணறு என்றால் ஆக்சிஜன் குறைவு. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே அது இறங்கத் தகாத இடம். மூச்சுத் திணறினால் ஏறி வந்துவிடலாம் என்று எண்ணுவது பெரிய பிழை. திணறலை முக்கியமாக உண்டாக்குவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் மட்டும் குறையும்போது உடல் எச்சரிக்கை தருவதில்லை. கை கால் தளர்ந்து, ஏணியில் இருக்கும்போதே பிடி நழுவும்.

கிணற்றுக்குள் டீசல் என்ஜினை இறக்கித் தண்ணீர் இறைத்திருந்தாலோ, வெடி வைத்திருந்தாலோ, கார்பன் மோனாக்சைடு. ஷட்டரை இறக்கிவிட்டு ஜெனரேட்டர் ஓட்டிய கடை, ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கீசர், கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கொண்டுவந்து வைத்த கரி அடுப்பு எல்லாமே இதே வகை. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கழிப்பறை கழுவ பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் வருவது குளோரின். ஐஸ் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு என்றால் அம்மோனியா. இவை இரண்டும் கண்ணையும் தொண்டையையும் எரித்துத் தாமே விரட்டிவிடும்.

4. ஆளை வெளியே கொண்டுவருவது

புதியவர்கள் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

முதலில் உள்ளே காற்றைச் செலுத்துங்கள். எல்லா மூடிகளையும் திறந்து, புளோயரின் குழாய் முனையை விழுந்தவரின் தலைக்கு அருகே போகும்படி இறக்குங்கள். வாயு அடியில் தேங்குவதால் மேல்வாயில் ஊதுவதில் பலன் இல்லை. புளோயர் காற்றை இழுக்கும் வாயை ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் புகையை நீங்களே உள்ளே அனுப்புவீர்கள். தொட்டியில் மீத்தேனும் இருக்கும் என்பதால் தீப்பெட்டி, பீடி, பொறி பறக்கும் மோட்டார் எதையும் வாயருகே அண்ட விடாதீர்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து உள்ளே விடலாமா என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் ஒரு சிறு பொறிகூடப் பெருந்தீயாகும். உள்ளே போக வேண்டியது சாதாரணக் காற்று மட்டுமே.

கச்சையும் கயிறும் ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே இழுங்கள். கயிறு இல்லை, ஆனால் நினைவு இருக்கிறது என்றால், கண்ணி போட்ட கயிற்றை இறக்கி அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இழுத்தால் இறுகும் சுருக்கைப் போடாதீர்கள், அது நெஞ்சை நெரித்து மிச்சமிருக்கும் மூச்சையும் நிறுத்திவிடும். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கையை நுழை, பிடித்துக்கொள்" என்று ஒரே குரலில் சொல்லுங்கள். பத்துப் பேர் கத்தினால் மயக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் விளங்காது.

நினைவும் இல்லை, கயிறும் இல்லை என்றால்? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியால் இடுப்புக் கச்சையையோ கால்சட்டையையோ மாட்டி, மேலிருந்தே முகத்தைத் தண்ணீருக்கு வெளியே உயர்த்திப் பிடிக்கலாம். ஆழம் குறைந்த தொட்டியில் அப்படியே மேலே இழுக்கவும் முடியும். தோல் கிழியலாம், தைத்துக்கொள்ளலாம். அதுவும் எட்டாத ஆழம் என்றால், காற்றை ஊதிக்கொண்டே தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். இதை எழுதுவது எனக்கு எளிதல்ல. கண்ணுக்கு முன்னால் ஒருவர் கிடக்க, கை கட்டி நிற்பது போன்ற வேதனை வேறு இல்லை. ஆனால் இறங்குபவருக்கும் உள்ளே இருப்பது அதே காற்றுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும், ஓர் ஆளின் எடையைத் தூக்க முயலும் கணத்தில் மூச்சு தானாக உள்ளே போய்விடும்.

நம்பக் கூடாத மூன்று உபாயங்கள் உண்டு. ஈரத்துண்டு: அம்மோனியா நீரில் நன்றாகக் கரையும் என்பதால் கசிவிலிருந்து ஓடும்போது ஈரத்துணி ஓரளவு உதவும். தொட்டியிலும் கிணற்றிலும் அதனால் ஒரு பயனும் இல்லை, துணியால் ஆக்சிஜனைத் தர முடியாது. கொரோனா காலத்து முகக்கவசத்துக்கும் இதே பதில்தான், அது தூசியைத்தான் தடுக்கும். மூன்றாவது, மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது. ஆக்சிஜன் போதுமானதாக இருந்தால் சுடர் நின்று எரியும். அதே காற்றில் ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் மோனாக்சைடோ கொல்லும் அளவில் இருக்கலாம். மீத்தேன் இருந்தாலோ தொட்டியே வெடிக்கும்.

கழியை விட்டுக் கழிவைக் கிளறிப் பார்ப்பதும் தவறு. கலங்கிய சேற்றிலிருந்து வாயு இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

ஜெனரேட்டர் அறை போன்ற இடங்களில் வேலை சற்று எளிது. வெளியிலிருந்து ஷட்டரையும் ஜன்னலையும் திறந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, காற்று புகுந்த பிறகு அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்து வாருங்கள். சமையல் காஸ் கசிவு என்றால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே பொறி வரும். கசிவைத் தெரிவிக்க 1906 என்ற எண் இருக்கிறது.

திறந்தவெளியில் வாயு பரவும்போது ஓடும் திசை முக்கியம். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேளையில் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசை நோக்கிப் போங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயு உங்களோடு கூடவே வரும்.

5. கிடத்துவது, உடை, தண்ணீர்

வெளியே எடுத்தவரைத் தொட்டி வாயிலேயே கிடத்தாதீர்கள். காற்று வரும் பக்கமாக நன்றாகத் தள்ளிக் கொண்டுபோங்கள். மேலே திறந்த மூடியிலிருந்து வாயு வந்துகொண்டுதான் இருக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தையும் விலக்குங்கள்.

மூச்சு இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டி உடனே அடுத்ததற்குப் போய்விடுங்கள். உடையை வேறொருவர் அதே நேரத்தில் கவனிக்கட்டும்.

கழிவில் நனைந்த துணியையும், குளோரினோ அம்மோனியாவோ ஏறிய துணியையும் கத்தரித்து எடுங்கள். தலைவழியாக உருவினால் அந்த நஞ்சு முகத்திலும் மூக்கிலும் படும். பெண்களுக்கு ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்துவிட்டுச் செய்யுங்கள். கூச்சத்தால் நனைந்த புடவையோடு ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினால், மூடிய வண்டிக்குள் ஊழியருக்கும் கண் எரியத் தொடங்கும்.

கண் எரிந்தால் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் மெல்ல ஊற்றுங்கள். இரண்டு கை தெளித்துவிட்டு நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அம்மோனியா கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும், எரிச்சல் குறைந்ததுபோல் தோன்றினாலும் தொடருங்கள். நல்ல கண்ணுக்குள் நீர் வழியாதபடி தலையைப் பாதிக்கப்பட்ட பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, பால், தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

6. மூச்சும் நாடியும்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால், பத்து விநாடிக்குள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இடைவெளி விட்டு விட்டு வரும் விக்கல் போன்ற மூச்சு, மூச்சு அல்ல. அதைப் பார்த்து "உயிர் இருக்கிறது" என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

மூச்சு சீராக இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வழிய வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தும் முதுகும் முறுக்காமல் இரண்டு மூன்று பேராகச் சேர்த்துத் திருப்புங்கள்.

மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவே உள்ளங்கை அடியை வைத்து அழுத்துங்கள். 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்தவரின் அழுத்தம் அவருக்கே தெரியாமல் ஆழம் குறையும்.

இவர்களின் இதயம் நின்றதற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாமைதான், ஆகவே மூச்சு கொடுப்பதும் முக்கியம். தடுப்பு முகமூடியோ, கையால் அழுத்தி மூச்சு செலுத்தும் ஆம்பு பையோ இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுங்கள். வெறும் வாயோடு வாய் வைக்காதீர்கள். அவர் வெளிவிடும் காற்றிலும், வாயில் ஒட்டியிருக்கும் கழிவிலும் உங்களுக்கு ஆபத்து உண்டு. முகமூடி இல்லையென்றால் அழுத்தத்தை மட்டும் விடாமல் தொடருங்கள். முன்னதாக வாயில் சேறு இருக்கிறதா என்று பார்த்து, தெரிவதை மட்டும் துடைத்தெடுங்கள்.

7. ஆக்சிஜன்

விஷவாயுவுக்கு மருத்துவமனைக்கு வெளியே கிடைக்கும் மருந்து இது ஒன்றுதான். பையோடு கூடிய முகமூடியில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை, ஆம்புலன்ஸ் வந்ததும் முதல் வேலையாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் இதைக் குறைக்கவே கூடாது. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அதில் பாதி வெளியேற 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் அது ஒன்றரை மணி நேரம் அளவுக்குக் குறையும்.

இங்கே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். 98 என்று பார்த்து முகமூடியைக் கழற்றிவிட்ட இடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவரோ தன் மகள் பெயரைச் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். எண்ணை விட்டுவிட்டு மனிதரைப் பாருங்கள்.

8. அன்போடு செய்யும் தவறுகள்

மயங்கியவர் வாயில் தண்ணீர், சோடா, காபி எதையும் ஊற்றாதீர்கள், எல்லாம் நுரையீரலுக்குத்தான் போகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நஞ்சு வயிற்றில் இல்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லுக்கிடையே கரண்டி வைப்பதும் வேண்டாம். சுற்றியுள்ள கல்லையும் கட்டையையும் அகற்றி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தெளிந்து எழுந்தவரை நடக்க வைத்துப் பார்ப்பதும் ஒரு பழக்கம். குளோரினை முகர்ந்த நுரையீரலுக்கு உடல் உழைப்பு கூடுதல் கேடு. தூக்கியே கொண்டுபோங்கள்.

9. மருத்துவமனையில் சொல்ல வேண்டியது

ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள், பதற்றத்தில் வாய் மறந்துவிடும். எந்த இடம், என்ன வாயுவாக இருக்கலாம், எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார், நினைவு தப்பியதா, மூச்சு நின்றதா, எப்போது அழுத்தம் கொடுக்கத் தொடங்கினீர்கள், கூட யாருக்கெல்லாம் அறிகுறி. ரசாயன டப்பா இருந்தால் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள், டப்பாவை வண்டியில் ஏற்ற வேண்டாம். கர்ப்பிணி என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். கார்பன் மோனாக்சைடு தாயைவிட வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தை அதிகம் பற்றும், ஆக்சிஜனை இன்னும் நீண்ட நேரம் தர வேண்டியிருக்கும்.

ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்த ஒருவரின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கன்னங்கரேல் என்று இருந்தது. காலையில் பளிச்சென்று இருந்ததாக அவர் மனைவி சொன்னார். ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும். அந்த ஒரு வரியை மருத்துவரிடம் சொன்னதும் அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கொலுசு, மோதிரம் நிறம் மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

10. 'சரியாகிவிட்டது' என்பவரைத் தனியே விடாதீர்கள்

குளோரின், வெடிப்புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவை நுரையீரலில் நீர் கோக்க வைக்கும், பல மணி நேரம் கழித்து. மாலையில் நன்றாகப் பேசியவர் நள்ளிரவில் மூச்சு வாங்கத் தொடங்குவார். குறைந்தது 24 மணி நேரம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இருமல் கூடினாலோ, நுரை கலந்த சளி வந்தாலோ, படுத்தால் திணறினாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கார்பன் மோனாக்சைடில் இன்னொரு பின்விளைவு உண்டு. வீட்டுக்கு வந்து சில நாள்கள், சில வாரங்கள் கழித்துக்கூட மறதி, நடை தடுமாற்றம், குணமாற்றம் வரலாம். குடும்பத்தார் அதைச் சோம்பலென்றும் கோபமென்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்: கடைக்குப் போய்ச் சில்லறையைச் சரியாக எண்ணி வருகிறாரா, சட்டைப் பொத்தானை வழக்கம்போல் போடுகிறாரா என்று ஒன்றரை மாதம் கவனிக்கட்டும். மாற்றம் தெரிந்தால் அதே மருத்துவமனைக்கு, அதே சீட்டோடு அழைத்துப் போங்கள்.